அனுப்ப வேண்டியவை

ஹொனியாராவுக்குத் தெற்கே
கடலில் தனியாகக் கிடக்கிறது ரென்னல்.
கம்பி வரவில்லை, கோபுரம் வரவில்லை.
தேவாலயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை,
ஒரு வானொலிப் பெட்டி,
லாரியிலிருந்து கழற்றிய பேட்டரி,
இரண்டு எழுத்து உதிர்ந்துபோன லேப்டாப்.
தபால் ஆபீஸ் என்றால் நான்தான்.

காலை ஆறு, நண்பகல், மாலை நான்கு.
வானம் காது கொடுக்கும் நேரங்கள்.
கொடுக்கும் என்று
சுவரில் ஒட்டிய தாளில் போட்டிருக்கிறது.
தாளை வானம் படித்ததில்லை.

மற்ற பொழுதெல்லாம் எழுதி அடுக்குவேன்.
விலாசம், தலைப்பு, சேதி. படம் கூடாது.
ஒன்றுக்கு இரண்டு டாலர்.
'அன்புள்ள' என்று தொடங்கினால் வெட்டிவிடுவேன்,
அது தெரிந்த விஷயம், பேட்டரிக்குப் பாரம்.

இருபதும் முப்பதும்
பெட்டிக்குள் காத்துக் கிடக்கும்.
கிளினிக்குக்கு மலேரியா மாத்திரை,
பள்ளிக்கூடத்துக்குச் சாக்பீஸ்,
மியூரியலுக்கு வலி நின்றுவிட்டதென்று ஒன்று,
மறுபடி கண்டுவிட்டதென்று ஒன்று,
பெண் குழந்தை என்று ஒன்று.
மூன்றும் ஒரே நிமிடத்தில் கிளம்பின.
அங்கே அவள் அக்கா
எதை முதலில் திறந்தாளோ.

தூஹேனுவா வந்தது ஒரு செவ்வாய்.
உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்:
'என் இஞ்சினை விற்றுத் தின்றவன்
என் கரையில் கால் வைக்க வேண்டாம்.'
மகன் எஸ்ரோமுக்கு.
சொன்னதைத் தட்டினேன்.
சொல்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை நான்,
பார்த்தால் பிழை விழும்.

புதன் விடிந்ததும் மறுபடி அவர்,
ஈரத் தலையோடு.
'எழுது. வா.'
அப்புறம்?
'அவ்வளவுதான்.'
ஒற்றை எழுத்துக்கும் இரண்டு டாலர்தான் என்றேன்.
எண்ணி வைத்தார்.
நேற்றையது இன்னும் போகவில்லை, அழித்துவிடட்டுமா?
யோசித்தார்.
'இருக்கட்டும். கோபம் வந்ததும் நிஜம்தானே.
வந்த வரிசையில் போகட்டும்.'

நண்பகலில் வானம் திறந்தது.
நீளமான கோபம்
ஒரு எழுத்து சிந்தாமல் போய்ச் சேர்ந்தது.
பின்னால் நின்ற ஒற்றை எழுத்தின்மேல்
இடி விழுந்த இரைச்சல்.
மோடம் கூவிக் கூவி அடங்கியது.

பதினோரு நாள்.
மழை, சோலார் தகட்டில் பாசி,
நாளுக்கு மூன்று முறை அதே கூவல்.
மாலைதோறும் பாதையில் கடந்து போவார்.
நான் தலையசைப்பேன், இல்லை என்று.
அவரும் அசைப்பார்,
நான் கேட்டவளைப்போலவும்
அவர் பதில் சொன்னவரைப்போலவும்.

பன்னிரண்டாம் நாள் லவங்குவில் கப்பல்.
இறங்கியவர்களில் எஸ்ரோம்.
தோளில் இரண்டு மூட்டை அரிசி,
சட்டைப் பையில் மடித்த காகிதம்:
வேண்டாம் என்ற கடிதத்தின் அச்சுப்பிரதி.
அதை வாங்கிக்கொண்டுதான் டிக்கெட் எடுத்திருக்கிறான்.
தகப்பன் ஒன்றும் பேசவில்லை.
படகுக் கயிற்றின் ஒரு நுனியை நீட்டினார்,
பிடித்துக்கொண்டான்.

மறுநாள் போய்க் கேட்டேன்,
அந்த 'வா' இன்னும் என்னிடம்தான் கிடக்கிறது.
ஆள்தான் வந்துவிட்டானே, எடுத்துவிடவா?
அவன் உள்ளே மீன் சுட்டுக்கொண்டிருந்தான்.
'காசு கொடுத்தாயிற்று' என்றார் தூஹேனுவா,
'போகட்டும்.'

போனது, அன்று மாலை நான்கு ஏழுக்கு,
ஒரு பிசிறும் இல்லாமல்.
இங்கே மீன் முள் எடுப்பவனை
அங்கே போய்க் கூப்பிட்டுக்கொண்டு
ஹொனியாராவில் காத்திருந்தது.

அடுத்த கப்பலில் அவன் திரும்பிப் போனான்.
ஒன்பது நாள் கழித்து,
விடிகாலை, பாதியில் அறுந்த இணைப்பில்
தலைப்பு மட்டும் இறங்கியிருக்கிறது:
எஸ்ரோம். பதில்: வா.
உடம்பு வரவில்லை.
பதினான்கு வரி என்கிறது பெட்டி,
என்ன பதினான்கு என்று சொல்லத் தெரியவில்லை அதற்கு.

ஆளனுப்பிக் கூப்பிட்டேன்.
திரைக்கு முன் குனிந்து
மகன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார்,
திரை கொஞ்சம் நடுங்கியது.
இடுப்பு முடிச்சை அவிழ்த்துக்கொண்டே,
'பாதிதானே வந்திருக்கிறது,
பாதிக் காசு வாங்கிக்கொள்வாயா?'

காசை உள்ளே வையுங்கள் என்றேன்.
போவதற்குத்தான் கட்டணம்.
வருவதற்கு இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்தார்.
நண்பகலுக்கு இன்னும் ஐந்து மணி நேரம்.